தாளம் போடக் கூடாத பாட்டு

பிள்ளைகளே, பொறாமைப்படக் கூடாது என்று பெரியவர்கள் உங்களிடம் நிறையத் தடவை சொல்லியிருப்பார்கள். தம்பிக்குப் புது சைக்கிள் வந்த அன்றைக்குச் சொல்வார்கள், பக்கத்து வீட்டுப் பெண் ஸ்பெல்லிங் போட்டியில் ஜெயித்த அன்றைக்கும் சொல்வார்கள். ஆனால் தங்களுக்கு வந்த பொறாமையைப் பற்றி யாரும் உங்களிடம் வாயே திறந்திருக்க மாட்டார்கள். எனக்கு வந்ததை நான் சொல்கிறேன். பெரிய படிப்புப் படித்தவன் இல்லை நான். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எனக்கு ஒரு வாத்தியக்காரர் மேல் பொறாமை வந்தது. வெள்ளைக்காரர், வயதானவர், நல்லவர் வேறு. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். ஊரில் பாலிடெக்னிக் முடித்தவன். மனைவிக்கு இங்கே வேலை கிடைத்ததால் நியூ ஜெர்சிக்கு வந்தோம். அவள் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவாள். அதனால் மகளைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப் போவது ஆரம்பத்திலிருந்தே என் பொறுப்பு. பாட்டு சொல்லிக் கொடுத்த ஆன்ட்டியின் வீட்டு பேஸ்மென்ட்டில் வகுப்பு. மற்ற அப்பாக்கள் பிள்ளையை இறக்கிவிட்டு காஸ்ட்கோ கடைக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் கார்ப்பெட்டில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பேன். மகள் ஆதி தாளம் கற்றுக்கொண்டபோது நானும் கற்றுக்கொண்டேன். எனக்குப் பாட வராது. தாளம் மட்டும் பிடித்துக்கொண்டது.

அவள் மேடை ஏறிய நாளிலிருந்து, பொங்கல் விழாவானாலும் போட்டியானாலும், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவேன். நம் கச்சேரிகளில் இது வழக்கம்தானே. பாதி சபை தொடையைத் தட்டிக்கொண்டுதான் இருக்கும். அவள் எங்கேயாவது தடுமாறினால் கண் நேராக என் கைக்கு வரும். நான் விரலைக் கொஞ்சம் பெரிதாக மடக்கிக் காட்டுவேன். அவள் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். இது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். என் மனைவிக்குக்கூடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹைஸ்கூலில் அவள் சேர்ந்திருந்த பாடல் குழுவின் ஆசிரியை ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, இங்கே பக்கத்திலேயே ஒரு குழு ஓபரா என்கிற பாட்டு நாடகம் போடுகிறது, போய்ப் பாடிக் காட்டு என்று அனுப்பினார். அவளை எடுத்துக்கொண்டார்கள். ஓபரா என்றால் குண்டாக ஒரு அம்மா கண்ணாடி உடைகிற மாதிரிக் கத்துவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது அது இல்லையாம். இது நானூறு வருஷத்துக்கு முந்தையது. ஓபரா என்ற கலையே அப்போதுதான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்ததாம். இத்தாலியில் ராஜாக்களின் அரண்மனையில், சின்னக் கூடத்தில் நடத்துவது.

கதை சின்னது. ஒரு ராணி கடற்கரையில் புருஷனின் கப்பலுக்காகக் காத்திருக்கிறாள். கடல் தெய்வம் வருகிறது, காற்று தெய்வம் வருகிறது, ஆளுக்கொரு பாட்டுப் பாடிவிட்டுப் போகிறார்கள். கடைசியில் ஒரு தூதுப் பெண் ஓடிவந்து, கப்பல் முழுகிவிட்டது என்று சொல்கிறாள். அந்தத் தூதுப் பெண்தான் என் மகள்.

முதல் ஒத்திகைக்குப் போனால் கடலையே காணோம். மேடையில் ரயில்வே பெஞ்சு ஒன்று, மேலே ரயில் நேரம் காட்டுகிற போர்டு ஒன்று. ராணி கோட்டும் சூட்கேஸுமாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கடல் தெய்வம் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஸ்டேஷன் ஊழியர். "ராணிக்குக் கிரீடமெல்லாம் கிடையாதா?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அப்பா, ஷ்ஷ். அது கான்செப்ட்."

இயக்குநர் ஒரு அம்மா. நடிகர்களிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அந்தக் காலத்து ஜனங்களுக்கு அந்தத் தெய்வங்களை வீட்டு மனுஷர் மாதிரித் தெரியும். இப்போது வருகிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் வர வேண்டிய ரயில் வராமல், போர்டையே பார்த்துக்கொண்டு நிற்பது என்றால் நியூ ஜெர்சியில் எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து ஆரம்பிப்போம் என்றார். இத்தாலிய வரிகளுக்கு ஆங்கில அர்த்தத்தையும் அந்த போர்டிலேயே ஓடவிட்டார். தினம் அதே மாதிரி போர்டைப் பார்த்துத் திட்டுகிற என் மனைவிக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது.

இப்போது அந்த வாத்தியக்காரர். அவர் வாசித்ததை லூட் என்கிறார்கள். வீணை மாதிரி நரம்பு வாத்தியம். பானை வயிறு, ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து. நிறுத்தினால் ஆளைவிட உயரம். சுருதி சேர்க்கவே பாதிப் பொழுது போய்விடும். கூட ஒரு பழைய கால பியானோ, இரண்டு வயலின். இவர்களுக்கு முன்னால் குச்சி ஆட்டி எல்லாரையும் நடத்துகிற ஆள் கிடையாது. அந்தக் காலத்தில் அப்படி ஒருவர் இல்லவே இல்லையாம். பாடுகிறவள் போகிற போக்கில் லூட்காரர் பின்னாலேயே போக வேண்டும். அவர் தாளில் கீழ் ஸ்வரம் மட்டும்தான் எழுதியிருக்கும். மிச்சத்தை, அவள் வாயைப் பார்த்து, அவள் மூச்சைப் பார்த்து அவரே நிரப்ப வேண்டும்.

தூதுப் பெண்ணின் பாட்டு பாட்டே இல்லை, பேச்சு. பேச்சையே ராகத்தில் இழுத்த மாதிரி. பயந்தால் ஓடும், அழுகை வந்தால் நின்றுவிடும்.

"நம்ம விருத்தம் மாதிரியா கண்ணு?" என்று காரில் கேட்டேன்.

"கைண்ட் ஆஃப்."

"அப்ப தாளம் இல்லையா?"

"பேப்பர்ல இருக்கு. பாடும்போது இல்ல. இருந்தா போர் அடிக்கும்னு அவர் சொன்னார்."

அவர் சொன்னார். அன்று ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எங்கள் காரில் அந்த 'அவர்' இல்லாத நாள் கிடையாது. அவர் சொன்னார், மூச்சை முதுகில் எடுக்கணுமாம். அவர் சொன்னார், துக்கச் செய்தி கொண்டுவருகிறவள் முதலில் அழக் கூடாதாம், கேட்கிறவர்கள்தான் அழ வேண்டுமாம். ஃபோனை உயர்த்திப் பிடி, கழுத்து வலிக்கும் என்று நான் ஆறு மாதமாகச் சொன்னேன், காதில் ஏறவில்லை. அவர் ஒரு தடவை சொன்னார், நிமிர்ந்து உட்கார ஆரம்பித்துவிட்டாள்.

சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சுக்குத் தண்ணீர் போட்டு ஃப்ளாஸ்கில் கொண்டுபோவது நான்தான். அங்கே அவர் தன் பையிலிருந்து ஏதோ பூவெல்லாம் போட்ட டீ எடுத்துக் கொடுத்தார். ஃப்ளாஸ்க் நிரம்பியபடியே வீட்டுக்கு வந்தது. சமையலறைத் தொட்டியில் ஊற்றும்போது எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து மனைவி சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க, வயசான மனுசனோட போய் மல்லுக்கு நிக்கறீங்களா?"

"நான் எங்க நின்னேன்?"

"மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்குதுங்க. நாளைக்கு மருமகன்னு ஒருத்தன் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அவன் வரட்டும் பாத்துக்கலாம். இந்த ஆளு பூவைப் போட்டுக் குடுக்கறான், அது டீயா?"

நல்லவேளையாக ஒத்திகைகளில் நான் பின்னால் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போய் வரலாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று இயக்குநர் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். நோ ப்ராப்ளம் மேடம், நான் சும்மா இருப்பேன் என்றேன். அங்கிருந்து பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தெரியும். என் மகள் பாடுகிறாள், அந்த மனிதர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் நிறுத்தினால் அவர் விரல் நரம்பின் மேல் அப்படியே நிற்கும். அவள் ஆரம்பித்தால் அதே நொடியில் விரலும் விழும். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து லேசாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. பொங்கல் விழாவில் தப்பித்துக் கரை சேர்ந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

டிக்கெட் விற்க ஆரம்பித்ததும் நான் செய்த முதல் வேலை, முன் வரிசையில் நட்டநடுவில் இரண்டு சீட் பிடித்ததுதான். அவள் எங்கே நின்று பாடுவாள் என்று தெரியும். அதற்கு நேர் எதிரே. யார் பூ டீ கொடுத்தாலும் அந்த இடம் என்னுடையது என்று ஒரு நிம்மதி.

கடைசி வாரத்தில் இயக்குநர் இன்னொன்று செய்தார். அந்தக் காலத்து அரண்மனைக் கூடத்தில் பார்க்கிறவர்களும் பாடுகிறவர்களும் ஒரே வெளிச்சத்தில் இருந்தார்கள், நாமும் விளக்கை அணைக்க வேண்டாம் என்றார். நாற்காலிகளை மேடைக்கு மூன்று பக்கமும் கிட்டத்தில் இழுத்துப் போட்டார்கள். முழு ஒத்திகை அன்று, ஆள் உட்கார்ந்தால் எப்படி இருக்கிறது என்று பார்க்க, இருக்கிற எல்லாரையும் முன்னால் வரச் சொன்னார். நான் என் சீட்டுக்கே போய் உட்கார்ந்தேன். கை நீட்டினால் ராணியின் சூட்கேஸைத் தொடலாம்.

மகள் ஓடிவந்து நின்றாள். இத்தனை கிட்டத்தில் முகங்களை அவள் எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள், குரல் நடுங்கியது. விருத்தத்துக்குத் தாளம் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளே. தெரிந்து என்ன? பத்து வருஷப் பழக்கம். அவள் முகத்தில் பயத்தைப் பார்த்ததும் என் கை தானாகத் தொடைக்கு வந்துவிட்டது. தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல். அவள் கண்ணும் தானாக அங்கே வந்தது. பிடித்துக்கொண்டாள்.

நடுக்கம் போய்விட்டது. ஆனால் கூடவே எல்லாம் போய்விட்டது. புருஷன் கடலில் செத்துப்போனான் என்கிற செய்தியை, ஆரம்பப் பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரே சீராகத் தட்டித் தட்டிச் சொன்னாள். ராணியாக நடித்த அம்மாவுக்கு எங்கே அழுவது என்று தெரியவில்லை. லூட்காரர் கொஞ்ச தூரம் கூட வந்து பார்த்துவிட்டு வாசிப்பதை நிறுத்தினார்.

"இன்றைக்கு நீ வேறு யாருடனோ நடந்து போகிறாய்" என்றார் ஆங்கிலத்தில். கோபமாக இல்லை, புரியாமல் கேட்டார்.

மகள் என் கையைப் பார்த்தாள். அவர் அவள் பார்வை போன வழியே பார்த்தார். இயக்குநரும் பார்த்தார். கடல் தெய்வம்கூட ஆரஞ்சு ஜாக்கெட்டோடு எட்டிப் பார்த்தது. என் விரல் அப்போதும் மடங்கித்தான் இருந்தது.

ஒத்திகை முடிந்து காரில் திரும்பினோம். ரூட் ஒன் நெடுஞ்சாலை சிக்னலில் நின்றபோது அவள் சொன்னாள்.

"அப்பா, ஷோ அன்னிக்கு ப்ளீஸ் ஃப்ரன்ட் ரோல உக்காராதீங்க."

"நான் கையைக் கட்டிக்கறேன் கண்ணு."

"அது இல்லப்பா. நீங்க அங்க இருந்தாலே நான் பாப்பேன். என்னால பாக்காம இருக்க முடியாது."

"பாத்தா என்ன? இத்தன வருசமா பாத்துத்தானே பாடினே?"

"அதான் ப்ராப்ளம்! நான் உங்களைப் பாத்தா, அவர் என்னை ஃபாலோ பண்ண முடியல. நான்தான் லீட் பண்ணணும். யாரையும் பாக்கக் கூடாது."

"அவரை மட்டும் பாக்கலாமா?"

சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தார். சீட்டை மாற்றுகிறேன் என்று சொல்லாமலே காரைக் கிளப்பினேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டில் சாதம் போட்டுக்கொண்டே, "நீங்க தொடைல தட்டறதும் அவ பாக்கறதும் எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?" என்றாள். "அப்பனும் மகளும் மேடைக்குக் கீழயும் மேலயுமா பேசிக்குவீங்க. நான் பக்கத்துல கூஜா மாதிரி உக்காந்திருப்பேன்." அவளுக்கும் ஒரு பொறாமை இத்தனை நாள் இருந்திருக்கிறது பாருங்கள். "இப்பத் தெரியுதுங்களா எப்படி இருக்கும்னு?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் கேட்டாள்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மதியம். நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். மகள் உள்ளே மேக்கப்புக்குப் போனாள். மனைவி, அவளோடு வேலை பார்க்கிறவர்களை வரவேற்க வாசலில் நின்றாள். நான் கூடத்துக்குள் நுழைந்தேன். யாரும் இல்லை. லூட்காரர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போகலாம் என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டார். கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"உங்கள் கையைப் பற்றி அவள் சொன்னாள்" என்றார்.

"சாரி. அன்றைக்குத் தெரியாமல் செய்துவிட்டேன்" என்றேன், என் ஆங்கிலத்தில்.

"நீங்கள் சாரி சொல்ல வேண்டாம். எனக்குத்தான் உங்கள் மேல் பொறாமை." ஒரு முறுக்காணியைத் திருகி, காதை வைத்துக் கேட்டார். "நான் எத்தனையோ பாடகர்களுக்குப் பின்னால் போயிருக்கிறேன். இவள் கஷ்டம். பயம் வந்தால் என்னை விட்டுவிட்டு நாற்காலிகள் பக்கம் எதையோ தேடுவாள். என்ன தேடுகிறாள் என்று வாரக்கணக்கில் எனக்குப் புரியவில்லை. நான் என்ன வாசித்தாலும் அவளுக்குப் பின்னால்தான் வர முடியும். நீங்கள் அவளுக்கு முன்னாலேயே போய் நிற்கிறீர்கள்."

உண்மையைச் சொல்கிறேன். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. ஐஸ்கிரீம் சாப்பிட்ட மாதிரி. இத்தனை பெரிய வித்வானுக்கு என் மேல் பொறாமை! பஸ் ஓட்டுகிற கை மேல்! ஊருக்கு ஃபோன் போட்டு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"இன்றைக்கும் தேடுவாளா?" என்று கேட்டேன்.

"முதல் வரியில் தேடுவாள். கிடைத்தால் அங்கேயே நின்றுவிடுவாள்" என்றார். பிறகு அடுத்த நரம்புக்குப் போய்விட்டார். சீட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். நான் என் முன் வரிசை சீட்டில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். வாக்கர் வைத்துக்கொண்டு ஒரு பாட்டியும் தாத்தாவும் கடைசி வரிசையைத் தேடிப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைத் தாண்டும்வரை பேசாமல்தான் இருந்தேன். தாண்டின பிறகு எழுந்துபோய், நீங்கள் முன்னால் உட்காருங்கள் என்று எங்கள் இரண்டு டிக்கெட்டையும் நீட்டினேன். அவர்கள் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார்கள். எனக்கு அது காதில் விழவில்லை.

மனைவி வந்து என்னைக் கடைசி வரிசையில், தூண் பக்கத்தில் கண்டுபிடித்தாள். உட்கார்ந்து, என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இது இங்கயே இருக்கட்டுங்க" என்றாள்.

ராணி பெஞ்சில் காத்திருந்தாள். போர்டில் தாமதம், தாமதம் என்று ஓடியது, கூட்டம் சிரித்தது. தெய்வங்கள் வந்து போனார்கள். பிறகு நனைந்த மழைக்கோட்டோடு என் மகள் ஓடிவந்தாள்.

அவர் சொன்னபடியே முதல் வரியில் தேடினாள். முன் வரிசை நடு சீட்டுக்குத்தான் கண் போனது. அங்கே வாக்கர் தாத்தா இருந்தார். அவள் முகம் ஒரு நொடி, கூட்டத்தில் அப்பா கையை விட்டுவிட்ட குழந்தை முகமாக ஆனது. மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். மகள் லூட் பக்கம் பார்க்கவில்லை. ராணியைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. போர்டு காலியாக இருந்தது. லூட்காரர் விரலை நரம்பின் மேல் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளே, அவள் பாட ஆரம்பித்ததிலிருந்து அடுத்த அடி எங்கே விழும் என்று எனக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. இப்போது கூடத்தில் இருக்கிற எல்லாரையும் போல நானும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தேன். பிறகு அவள் மூச்சை இழுத்தாள். கப்பல் முழுகிவிட்டது என்றாள். அந்த வார்த்தை மேலேயே அவர் விரல் விழுந்தது. ராணி அழுதாள். எனக்கு முன்னாலிருந்த பெரிய ஆள் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். நானும் அழுதேன். அழுதுகொண்டே, அந்த விரல் அவ்வளவு சரியாக விழுந்ததை நினைத்து வயிறெரிந்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் வரும். நீங்கள் பெரியவர்கள் ஆனால் தெரியும்.

முடிந்ததும் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். வெளி ஹாலில் அவளைச் சுற்றிக் கூட்டம். அதை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். மேக்கப் கன்னத்தில் வழிந்திருந்தது.

"அப்பா, எங்க உக்காந்திருந்தீங்க? நான் தேடினேன்."

"நீதானே அம்மிணி வேண்டாம்னே?"

"ஃப்ரன்ட் ரோ வேணாம்னுதான் சொன்னேன். தேட மாட்டேன்னா சொன்னேன்?"

"நல்லாப் பாடினே" என்றேன். "எந்த இடம்?" என்று கேட்டாள். "ஒண்ணுமே பாடாம நின்னியே, அந்த இடம்" என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துத் தேய்த்தாள். சட்டையெல்லாம் மேக்கப்.

அதற்குள் லூட்காரர் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, யாராவது ஒரு முனையைப் பிடிக்க முடியுமா என்று கேட்டார். பெட்டி படகு நீளம். நான் கையை நீட்டுவதற்குள் மகள் ஓடிவிட்டாள். அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, நடையைச் சேர்த்துக்கொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்தபடி பார்க்கிங் லாட்டுக்குப் போனார்கள்.

"போய்ப் புடிங்க, போங்க" என்றாள் மனைவி.

"ரெண்டு பேர் போதும்" என்று சொல்லிவிட்டு, நான் போய்க் காரில் ஹீட்டரைப் போட்டேன்.